தண்ணி குடிக்கிற வண்டி

"இன்ஜின் போச்சுண்ணே" என்று மெக்கானிக் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, என் அண்ணனிடம் சொன்னார். வண்டி என்னுடையது. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது என் பெயர். தினமும் ஓட்டுவது நான். அன்றைக்கு அதைக் கொண்டுவந்து அவர் பட்டறையில் நிறுத்தியதும் நான்தான். அண்ணனுக்கு அந்த வண்டியின் பானட்டைத் திறக்கும் கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் மெக்கானிக் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "ஹெட் கேஸ்கெட் எரிஞ்சிருச்சு. தண்ணியெல்லாம் இன்ஜினுக்குள்ள போயி ஆவியாப் போகுது. இன்ஜினை எறக்கணும். இந்தக் கெழட்டு வண்டிக்கு அம்புட்டு வேலை பாக்குறதுக்கு, பேசாமத் தள்ளிவிட்டுறலாம்ண்ணே" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "தண்ணி உள்ள போறத நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டேன். நான் அங்கே நிற்பதையே அப்போதுதான் கவனித்தவர்போலத் திரும்பினார். "நர்ஸக்கா, இதெல்லாம் அனுபவத்துல தெரியுறது" என்றார்.

நான் நர்ஸ் இல்லை. எரியோடு ஊரைத் தாண்டி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பது, சளி பார்ப்பது, சர்க்கரை, உப்பு, மலேரியாக் கிருமி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. நோயாளி முகத்தைப் பார்த்தே "டைபாய்டுதான்" என்று சொல்லும் பெரிய பெரிய டாக்டர்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். சீட்டு என் மேசைக்கு வந்த பிறகு அதில் பாதி டைபாய்டு காணாமல் போயிருக்கிறது. பார்க்காமல் எழுதுவது எனக்கு ஆகாது. பார்க்காமல் சொல்கிறவர்களைக் கண்டாலும் ஆகாது.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வயதைத் தொடப்போகிற சின்ன வெள்ளைக் கார். ஒன்றரை வயதில் வந்த போலியோவில் என் இடது கால் சூம்பிவிட்டது. இரும்புக் கம்பி வைத்த காலிபர் போட்டுக்கொண்டு நடப்பேன், ஆனால் கிளட்ச்சை மிதிக்க அந்தக் காலால் முடியாது. திண்டுக்கல்லில் ஒரு லேத் பட்டறைக்காரர், பைக்கில் இருக்கும் கிளட்ச் பிடியை எடுத்து என் கியர்க் கம்பியிலேயே பொருத்திக் கொடுத்தார். கையாலேயே பிடியை அமுக்கி, கையாலேயே கியர் போடுவேன். முறைப்படி அதை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் பதிந்தும் வைத்திருக்கிறேன். ஆட்டோமேட்டிக் கார் வாங்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. வாங்கலாம்தான். அதன் விலையைக் கேட்டுவிட்டு வந்த பிறகு அவர்களே அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

அந்தப் பிடி வந்த பிறகுதான் நான் நேரத்துக்கு வேலைக்குப் போனேன். அதற்கு முன்னால் பஸ். டவுன் பஸ்ஸின் முதல் படி என் முழங்கால் உயரம். நான் ஒரு காலை வைத்து மறு காலைத் தூக்குவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார். இறங்கும்போதும் அதே கதை. கார் வந்ததும் அத்தனை விசிலையும் மறந்தேன். நினைத்தபோது புறப்படலாம், நினைத்த இடத்தில் நிற்கலாம், யாரையும் "வர்றீங்களா" என்று கேட்க வேண்டாம். கல்யாணம் ஆகவில்லை, அது வேறு கதை, இங்கே வேண்டாம். கீழ்வீட்டில் நான், மாடியில் அண்ணன் குடும்பம். வாசலில் என் வண்டி.

அந்த வண்டிதான் ஐப்பசி மாதத்தில் ஒருநாள் காலையில், குஜிலியம்பாறை ரோட்டில், தூறலில் போய்க்கொண்டிருக்கும்போது சூட்டு முள்ளைக் கடைசிக் கோட்டுக்குக் கொண்டுபோனது. பானட்டுக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஆவி. ஓரமாக நிறுத்தினேன். பக்கத்து டீக்கடையில் இருந்து நான்கு பேர் வந்து நான்கு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் இன்ஜின் மேலேயே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். நல்லவேளை, கை வைக்கவிடவில்லை. முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினேன். இரண்டு பாட்டில் உள்ளே போனது. அத்தனை தண்ணீரும் எங்கே போயிருந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை, ரேடியேட்டரோடு குழாயால் சேர்ந்திருக்கும் கூலன்ட் டப்பாவும் நிறைந்துதான் இருந்தது.

மெக்கானிக்கிடம் மூன்று முறை போனேன். முதல் முறை, வெயில் காரணம் என்றார். ஐப்பசி மழையில் நனைந்தபடி நின்று அதைச் சொன்னார். இரண்டாம் முறை, தண்ணீர் ஓட்டத்தை அடைத்துத் திறக்கும் தெர்மோஸ்டாட் என்று ஒன்றைக் கழற்றித் தூர வைத்துவிட்டு, "நம்ம ஊருக்கு இது தேவையே இல்லக்கா" என்றார். ரப்பர் ஹோஸ் ஒன்றையும் மாற்றினார். வண்டி அப்போதும் தண்ணி குடித்தது. மூன்றாம் முறைதான் இந்த ஹெட் கேஸ்கெட் தீர்ப்பு. தீர்ப்போடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. அவருக்குத் தெரிந்த ஒரு பார்ட்டி இருக்கிறதாம், இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்வார்களாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவரே வந்து கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவாராம்.

"நல்ல யோசனைதான்" என்றான் அண்ணன். மறுபடி தண்ணீர் ஊற்றி நான் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்ததும், என் பீரோவைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த பீரோ எல்லோருக்கும் பொது என்பதால் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை. "கவலைப்படாத பாப்பா. காலையில நான் கொண்டுபோயி விட்டுட்டு, சாயங்காலம் கூட்டிட்டு வாரேன். ஒனக்கு எதுக்கு இந்த ரோதனை" என்றான்.

அவனைக் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். முதல் மூன்று நாள் சொன்ன நேரத்துக்கு வந்தான். காலிபர் கால் மடங்காமல் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்க, அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனேன். நான்காம் நாள் மாலை நான்கு மணிக்கு போன் செய்தேன். "கடையில ஆளு இல்ல பாப்பா, செத்த நேரம் இரு, வாரேன்" என்றான். அந்தச் செத்த நேரம் ஆறேகால் வரை நீண்டது. சுகாதார நிலையத்தைப் பூட்டியாகிவிட்டது. கேட்டுக்கு வெளியே, சிமெண்ட் கட்டையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் "என்ன நர்ஸம்மா, வண்டி வரலையா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். ஐம்பது வயதில், அரசாங்கச் சம்பளம் வாங்குகிற நான், அழைத்துப்போக ஆள் வராத பள்ளிக்கூடப் பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். அந்தக் கட்டையில் உட்கார்ந்தபடிதான் முடிவு செய்தேன். இந்த வண்டியைக் கொடுத்தால் இனி என் ஆயுசு முழுக்க இந்தக் கட்டைதான். கொடுக்கமாட்டேன். ஹெட் கேஸ்கெட்தான் போயிருக்கிறது என்றால் அதை என் கண்ணால் பார்த்த பிறகு பேசிக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் வேலையை ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு முறைதான், லேபில் செய்யும் முறை. என்ன நோயாக இருக்கலாம் என்று ஒரு பட்டியல், பிறகு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவது. எதை எப்படிப் பார்ப்பது என்பதற்கு யூடியூப் இருந்தது. தண்ணீர் வெளியே ஒழுகலாம், இன்ஜினுக்குள் போகலாம், எண்ணெயில் கலக்கலாம், ஃபேன் சுற்றாமல் இருக்கலாம், பம்ப் தள்ளாமல் இருக்கலாம். பழைய செய்தித்தாள் நான்கைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி, நிறுத்தி, மாலையில் வந்து பார்த்தேன். தாள் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தால் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருக்குமாம். கறுப்பாக, சுத்தமாக இருந்தது. ஃபேன் சரியான நேரத்தில் சுற்றியது. பம்ப் தள்ளுகிறதா என்று மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தேன், தண்ணீர் நன்றாக ஓடியது.

கேஸ்கெட்டுக்கும் ஒரு சோதனை இருந்தது, அதை மறுநாள் காலையில் செய்தேன். ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால், கேஸ்கெட் எரிந்திருக்கும் பட்சத்தில் தண்ணீரில் குமிழ் குமிழாக வந்துகொண்டே இருக்க வேண்டும். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பத்து நிமிடம் அந்த வாயையே பார்த்தேன். ஆரம்பத்தில் இரண்டு குமிழ், அப்புறம் ஒன்றுமில்லை. சைலன்சருக்குப் பின்னால் போய் நின்றேன். வெள்ளைப் புகை இல்லை. மாடியிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். "காலங்காத்தால புகைக்கு முன்னாடி நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். "ஒங்க மெக்கானிக் சொன்ன பொய்யத் தேடுறேன்" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அதுவரை இருந்தது கோபம் மட்டும். அதற்குப் பிறகு சந்தோஷமும் சேர்ந்துகொண்டது. அவர் சொன்ன நோய் இந்த வண்டிக்கு இல்லை. அப்படியானால் வேறு எது?

லேபில் ரத்தக் குழாயில் ஒட்டும் வெள்ளை டேப்பில் ஒரு துண்டை வெட்டி, கூலன்ட் டப்பாவின் பக்கவாட்டில் ஒட்டி, தண்ணீர் இருந்த மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டேன். ரேடியேட்டரை வாய் வரை நிரப்பினேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு, முள் ஏறும் வரை எங்கள் தெருக்களையே இரண்டு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தினேன். டப்பாவைப் பார்த்தேன். தண்ணீர் கோட்டுக்கு மேலே மூன்று விரல்கடை ஏறியிருந்தது. சூட்டில் விரிந்து வருகிற தண்ணீர் அந்த டப்பாவுக்குத்தான் வரும், அது சரி. வண்டி ஆறினால் அதே தண்ணீரை ரேடியேட்டர் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும். மறுநாள் காலையில் பார்த்தேன், ஏறியது ஏறியபடி டப்பாவிலேயே நின்றது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே விரல் விட்டாலும் தண்ணீர் எட்டவில்லை.

இத்தனை நாளும் நானும் மெக்கானிக்கும் டப்பாவைப் பார்த்து "இதில் இருக்கிறதே" என்று ஏமாந்திருக்கிறோம். போகிற தண்ணீர் திரும்பி வரவில்லை. டப்பா நிறைந்ததும், ஓடுகிற வண்டியில் அதன் வழியாக வெளியே கொட்டி, ரோட்டோடு போயிருக்கிறது. நிறுத்தி வைத்த வண்டிக்கு அடியில் ஈரம் எப்படி இருக்கும்?

இன்னொன்றையும் கவனித்தேன். சூடான வண்டியில் ரேடியேட்டருக்கு மேலே வரும் பெரிய ஹோஸ், உள்ளே அழுத்தம் ஏறி விறைப்பாக இருக்க வேண்டும். துணியைச் சுற்றி அமுக்கிப் பார்த்தேன். நரம்பு தேடிப் பழகிய விரல் இது. குழந்தையின் நரம்பையும் கிழவரின் நரம்பையும் நான் கண்ணை மூடிக்கொண்டாலும் சொல்லிவிடும். ஹோஸ் கொளகொளவென்று இருந்தது. உள்ளே அழுத்தமே இல்லை.

எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்கவில்லை என்றால் யாரும் அடுப்பைக் குறை சொல்வதில்லை, குக்கரை விற்பதும் இல்லை. மூடியைத்தான் பார்ப்போம். ரேடியேட்டர் மூடியும் அந்த ஜாதிதான். இறுக்கமாக மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காது, ஆறும்போது டப்பாவிலிருந்து திரும்பவும் வரும். கழற்றி எடுத்துச் சமையல்கட்டு விளக்கில் திருப்பிப் பார்த்தேன். உள்பக்க ரப்பர் வளையங்கள் இரண்டின் மேலும் மஞ்சள் கலந்த பழுப்பில் ஒரு பொருக்கு, சிமெண்ட் போலக் கெட்டியாக. ரேடியேட்டரின் வாயைப் பார்த்தேன், மூடி உட்காரும் உள்வட்டத்திலும் விளிம்பிலும் அதே பொருக்கு. ரப்பர் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதே தவிர, ஒட்டி உட்காரவே இல்லை.

துரு என்று நினைத்தேன். எங்கள் போர்வெல் தண்ணியின் உப்பு என்று நினைத்தேன். நினைப்பது ஆகாது என்று இத்தனை பேசிவிட்டு நானே நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. கொஞ்சம் சுரண்டி, சளி எடுக்கும் டப்பா ஒன்றில் போட்டு, பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு நோயாளிகள் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்து ஸ்லைடில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு இருந்தது, பட்டை பட்டையாக. அதற்கு நடுவே நார் நாராக மரத்தூள். ஆங்காங்கே சிவப்புப் புள்ளிகள்.

காருக்குள் மரம் எங்கே வந்தது என்று குழம்பினேன். மிச்சமிருந்த பொருக்கை விரலில் வைத்துத் தேய்த்து முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் வண்டியை நானே கழுவுவேன். பானட்டைத் திறந்து, ரேடியேட்டரில் வாய் வரை தண்ணீர் ஊற்றுவேன். நல்ல நாளில் எந்தப் பாத்திரமும் குறையாக இருக்கக் கூடாதே. நிறைகுடத்தின் கழுத்துக்கு வைப்பதுபோல அந்த வாயின் உள்வட்டத்திலும் விளிம்பிலும் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மூடியின் அடியிலும் தாராளமாக ஒரு பொட்டு வைத்து மூடுவேன். வெளியே வைத்தால் மழையில் கரைந்துவிடும், உள்ளே வைத்தால் வருடம் முழுக்க இருக்கும் என்பது என் கெட்டிக்காரத்தனம். இருந்தது. வருடா வருடம் ஒரு பூச்சு, அதன் மேல் போர் தண்ணியின் உப்பு, அதன் மேல் அடுத்த வருடச் சந்தனம். இந்த வருடம் சந்தனம் நிறைய மிஞ்சிப் போனதால் வழித்துப் போட்டு அப்பியிருந்தேன். பூஜை முடிந்து மூன்று வாரத்தில் வண்டி கொதித்தது.

மேசை மேல் இருந்த மைக்ராஸ்கோப்புக்கும் அதே பூஜையில்தான் பொட்டு வைத்தேன். அதற்கு அடிப்பாகத்தில் மட்டும்தான் வைப்பேன். லென்ஸ் பக்கம் யாராவது சந்தனக் கையைக் கொண்டுவந்தால் கத்தி ஊரைக் கூட்டிவிடுவேன். இது கருவி, இதற்கு எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது என்று எனக்குத் தெரியும். வண்டிக்கு அந்த மரியாதையை நான் கொடுக்கவில்லை. அவமானமாக இருந்தது. மெக்கானிக்கைத் திட்டிய திட்டெல்லாம் திரும்பி வந்து என் மடியில் விழுந்தது. யாரிடமும் சொல்லாமல் மூடியை மாற்றிவிடலாம், மூடி பழசாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

சனிக்கிழமை ஆட்டோ பிடித்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். "மெக்கானிக்க வரச் சொல்லுங்கம்மா, சைஸ் மாறிரும்" என்றார் கடைக்காரர். பழைய மூடியைக் கண்ணாடி மேசையில் வைத்தேன். "இதே அளவு, இதே நம்பர். மேல் ரப்பரும் ஸ்பிரிங்கும் சரியா இருக்கான்னு நான் அமுக்கிப் பாத்துத்தான் வாங்குவேன்" என்றேன். அவர் மூன்று மூடிகளை எடுத்து வைத்தார். மெக்கானிக் கழற்றிப் போட்ட தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு புதுசு, கூலன்ட், கலப்பதற்கு பேட்டரித் தண்ணீர் கேன், எல்லாம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து எலுமிச்சம் பழத்தைத் தேய்த்து, பழைய டூத்பிரஷால் ரேடியேட்டர் வாயைச் சுரண்டினேன். பழைய தண்ணீரைத் திறந்துவிட்டேன். வாசல் எல்லாம் துருநிறத் தண்ணீர் ஓடியது. தெர்மோஸ்டாட்டை மாட்ட இரண்டு மணி நேரம் ஆனது. நட்டு ஒன்று விரலைக் கிழித்தது. எனக்கு ரத்தம் புதிதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏ.சி.யைப் போட்டு, வாசலிலேயே ஓடவிட்டேன். பத்து மணிக்கு மெக்கானிக் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார், தோளில் கட்டி இழுக்கும் கயிறு. அண்ணன் மாடியிலிருந்து ஆர்.சி. புத்தகத்தோடு வந்தான். இரண்டு பேரும் ஓடுகிற இன்ஜினைப் பார்த்தார்கள்.

"ஒரு மணி நேரமா ஓடுது. முள்ளப் பாருங்க" என்றேன். மெக்கானிக் குனிந்து பார்த்தார். முள் பாதிக்குக் கீழே அசையாமல் நின்றது. டப்பாவில் என் டேப்பின் கோட்டை மாற்றியிருந்தேன், தண்ணீர் அதற்கு ஒரு விரல்கடை மேலே, அவ்வளவுதான். ஹோஸை அமுக்கிப் பார்த்தார். விறைப்பாக இருந்தது.

"எங்க குடுத்துப் பாத்தீங்க?" என்றார். மதுரைக்குக் கொண்டுபோயிருப்பேன் என்று நினைத்தார் போல.

"நான்தான் பாத்தேன்."

"என்னதான்க்கா கோளாறு?"

பொய் சொல்ல அதுதான் சமயம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஐந்து நாளாக நான் சண்டை போட்டதே, பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். "ஆயுத பூஜைக்கு நான் மூடிக்குள்ள சந்தனம் அப்பினேன். வருசா வருசம். அதுல ரப்பர் உக்காரல. கேஸ்கெட்டுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

மெக்கானிக் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கயிறு தோளில் ஆட ஆடச் சிரித்தார். "ரேடியேட்டருக்குப் பொட்டு வச்சுக் காரக் கவுத்த மொத ஆளு நீங்கதான்க்கா" என்றார். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் ஆர்.சி. புத்தகத்தை இன்னும் நெஞ்சோடு பிடித்திருந்தான்.

"அப்ப ஓந் தப்புதான பாப்பா இது?" என்றான். "இதுக்குத்தான் சொல்றேன். இன்னிக்கு இது, நாளைக்கு வேற ஒண்ணு பண்ணி நடுரோட்டுல நிப்ப. வண்டி இருக்குறதுனாலதான இம்புட்டுத் தொந்தரவு. சரியாத்தான் ஓடுது, இப்பக் குடுத்தா நல்லாவே போகும்."

உண்மையைச் சொன்னதற்கு இதுதான் பலன் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னேன்.

"ஆமா, எந் தப்புதான். என் வண்டில நான் பண்ணுன தப்பு. கெடுத்ததும் நான், கண்டுபிடிச்சதும் நான், சரி பண்ணுனதும் நான். நீ போன வருசம் ஒன் லோடு வண்டில டீசலுக்குப் பதிலா பெட்ரோலப் போடச் சொல்லி, ஒட்டன்சத்திரம் ரோட்டுல ஒரு நாளு முழுக்க நின்ன. ஒனக்கு நான் சோறு கட்டி எடுத்துட்டு வந்தேன், இதே வண்டில. அன்னிக்கு யாராச்சும் ஒன் வண்டிய விக்கச் சொன்னாங்களாண்ணே? ஒன் பீரோவத் தெறந்து ஆர்.சி. புக்க எடுத்தாங்களா? தப்புப் பண்ணாம ஓட்டுனாத்தான் வண்டி வச்சுக்கலாம்னா, இந்தத் திண்டுக்கல்லுல ஒரு வண்டி ஓடாது."

தெருவில் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. திறக்கட்டும் என்று நின்றேன். மெக்கானிக் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். சுருட்டி முடித்து, முதல் முறையாக என் முகத்தைப் பார்த்து, "அப்ப நான் வாரேன்க்கா" என்றார். ஜீப் போய்விட்டது. அண்ணன் ஆர்.சி. புத்தகத்தை என் கையில் கொடுக்கவில்லை. காரின் முன்சீட்டில் வைத்துவிட்டு மாடிப்படி ஏறினான். அன்று மத்தியானம் அண்ணி மட்டும் கீழே வந்து ஒரு கிண்ணத்தில் கறிக்குழம்பு வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அண்ணன் வாசலில் நின்றிருந்தான், தலையில் ஹெல்மெட், கையில் பைக் சாவி. என்னைக் கொண்டுபோய் விடத்தான் கிளம்பி வந்திருக்கிறான். கண்ணாடியை இறக்கினேன்.

"வழியில நின்னுச்சுன்னா?" என்றான். குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. ஒன்றரை வயதில் என்னை அப்பா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவனும் கூடவே ஓடினானாம். அவனுக்கு அப்போது ஏழு வயது. அந்தப் பயம் இன்னும் அவனை விட்டுப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்காக அவன் பைக்கின் பின்னால் உட்கார முடியாது.

"நின்னா எறங்கிப் பாப்பேன்" என்றேன்.

"நான் வேணா பின்னாலயே வாரேன். செத்த தூரம்."

"வேணாம்ண்ணே. கேட்டத் தெறந்து விடு."

அவன் பைக் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கதவையும் தள்ளித் திறந்து, ஒதுங்கி நின்றான்.